செடிக்கு வீட்டிலேயே உரம்: கழிவு எப்போது உரமாகிறது?

முட்டை ஓட்டை நொறுக்கித் தூவுவது, வாழைப்பழத் தோலைத் தொட்டியில் புதைப்பது, வடிகட்டிய டீத்தூளைச் செடியின் தூரில் கொட்டுவது. வீட்டு உரம் என்றதும் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் சில வாரம் கழித்தும் செடியில் எந்த மாற்றமும் தெரியாது, தொட்டியைச் சுற்றி ஈ மட்டும் மொய்க்கும். "இயற்கை உரமெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் போட்டது இன்னும் உரமாகவே மாறவில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தண்ணீரில் கரைந்த சத்துகளைத்தான் வேர் உறிஞ்சுகிறது. பழத்தோலிலும் காய்கறிக் கழிவிலும் தழைச்சத்து இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி புரதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தப் புரதத்தைத் தின்று, உடைத்து, அம்மோனியமாக வெளியே விடுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பெரும்பாலும் இந்த இரண்டு வடிவங்களில்தான் செடி தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக, சமையலறைக் கழிவை நாம் போடுவது நுண்ணுயிர்களுக்கு. அவை தின்று முடித்து வெளியே விடுவதுதான் செடிக்கு. இது மட்டும் பிடிபட்டுவிட்டால், எதை எப்போது எவ்வளவு போடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

செடி வளர 17 தனிமங்கள் தேவை. அவற்றில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதி 14-ம் மண்ணிலிருந்து வரவேண்டும். அதிலும் கூடுதலாகத் தேவைப்படுபவை மூன்று. இலையும் தண்டும் வளரத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வேர், பூ, விதைக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். செடிக்குள் நீரோட்டத்தைச் சீராக வைத்து, காய்க்கும் பழத்துக்கும் தரம் கொடுப்பது சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். கால்சியம், மக்னீசியம், கந்தகம் அடுத்த வரிசை. இரும்பு, துத்தநாகம், போரான் போன்றவை மிகச் சிறிய அளவில் போதும். கடையில் வாங்கும் ரசாயன உரம் இவற்றில் சிலவற்றை மட்டும் கரையத் தயாரான வடிவில் தரும். நன்றாக மக்கிய உரத்தில் பெரும்பாலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அளவு குறைவுதான், ஆனால் மெதுவாக, மாதக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருக்கும்.

கழிவைத் தொட்டிக்குள்ளேயே போட்டு அங்கேயே மக்க விடக்கூடாதா என்று கேட்கலாம். தரையில் தோட்டம் இருந்தால், செடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கலாம், நல்ல வழிதான். தொட்டியில் மண் குறைவு, வேர் நெருக்கம். அழுகும் கழிவு வேருக்கு வேண்டிய ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மரத்தூள், அட்டைத் துண்டு, குச்சி போன்றவையாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றை மக்க வைக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். அது கழிவில் போதாதபோது மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. உரம் போட்ட பிறகு செடி மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் மக்குகிற வேலை தொட்டிக்கு வெளியே நடக்கட்டும்.

மக்கு உரம்தான் அடிப்படை

திரவ உரம், தூள் உரம் என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாம் இதற்குத் துணை. ஏதாவது ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மூடியுள்ள 20 லிட்டர் வாளி ஒன்று போதும். பக்கவாட்டிலும் அடியிலும் பென்சில் கனத்துக்குத் துளை போட்டு, அடியில் ஒரு தட்டும், வாளி தட்டில் ஒட்டாமல் நிற்க இரண்டு செங்கலும் வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு பை நிறையச் சருகு இருக்கட்டும். காய்ந்த இலை, கிழித்த அட்டைப் பெட்டி, பளபளப்பில்லாத காகிதம், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் மரத்தூள், எது கிடைக்கிறதோ அது. வாளி வாங்குவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், இந்தச் சருகுப் பையைத்தான் மறந்துவிடுகிறார்கள். வீட்டு உரத்தில் நாற்றம், புழு என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் சருகு போதாததுதான்.

காரணம் எளிது. நுண்ணுயிர்களுக்கு உடல் வளர்க்கத் தழைச்சத்தும், உழைக்கும் ஆற்றலுக்குக் கார்பனும் வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். காய்கறி, பழக் கழிவில் கார்பன் இதைவிடக் குறைவு, தழைச்சத்து அதிகம். காய்ந்த இலையில் அப்படியே தலைகீழ். அட்டையிலும் மரத்தூளிலும் கார்பன் பல மடங்கு கூடுதல். இரண்டையும் கலந்தால் நடுவில் வந்து நிற்கும். இதற்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால் அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் சருகு போடுங்கள். எடையைப் பார்க்காமல் அளவைப் பார்த்தால் போதும். பச்சையையும் சருகையும் அடுக்கடுக்காகப் போட்டு, காற்றும் ஈரமும் பார்த்துக் கிளறிவிடும் முறையை 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் ஆய்வு செய்து ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்றே அதற்குப் பெயர். வாளியில் நாம் செய்வது அதன் சிறிய வடிவம்.

கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். முழுப் பூசணித் தோலைவிட விரல் நுனி அளவுத் துண்டுகளில் நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள இடம் அதிகம். அடியில் மூன்று அங்குலம் சருகு, மேலே ஒரு கை தோட்டத்து மண் அல்லது பழைய மக்கு உரம். நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் வாளிக்குள் குடியேறும். பிறகு தினமும் அன்றைய கழிவு, அதை முழுதாக மூடும் அளவுக்குச் சருகு. ஈரக் கழிவு வெளியே தெரியாமல் இருந்தாலே பழ ஈ பெரும்பாலும் வராது.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். வாளியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான ஈரம். தாரையாக வடிந்தால் தண்ணீர் அதிகம். சருகு சேர்த்துக் கிளறுங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை ஒரு குச்சியாலோ சிறிய முள்கரண்டி போன்ற தோட்டக் கருவியாலோ அடிவரை கிளறிவிட்டால் காற்று உள்ளே போகும். வேறு வேலை இல்லை.

முதல் வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை படரும். பார்த்துப் பயந்து சிலர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். வேண்டாம். அது மக்குவதன் அடையாளம். தோட்டத்தில் ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்குக் குவியல் போட்டால் அதன் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெருமளவு அழியும். வாளியில் அவ்வளவு சூடு வராது, தொட்டால் இளஞ்சூடு தெரிந்தாலே பெரிது. அதனால்தான் நோய் வந்த செடியையும் விதை முற்றிய களையையும் வாளியில் போடக்கூடாது என்கிறேன். கொஞ்ச நாளில் கழிவு தானாகவே இறங்கும். நிறைந்திருந்த வாளி பாதிக்கும் கீழே போகும். கார்பனில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுவதே காரணம்.

ஏதாவது தவறினால் மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, தழைச்சத்து வாயுவாக வீணாகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சருகு சேர்த்துக் கிளறுவது. நாற்றமும் இல்லை, மாற்றமும் இல்லை என்றால் காய்ந்து கிடக்கிறது என்று பொருள். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அவை கறுப்புச் சிப்பாய் ஈ எனப்படும் பூச்சியின் புழுக்களாக இருக்கலாம். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. செடிக்குக் கெடுதல் செய்யாது.

வாளி நிரம்பியதும் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். புதுக் கழிவு சேர்ந்துகொண்டே இருந்தால் எந்த வாளியும் முழுதாக மக்காது. வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று மாதம், குளிரில் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆனதா இல்லையா என்று பார்க்க அவசரம் வேண்டாம். கருநிறமாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். எது தோல், எது தண்டு என்று அடையாளம் தெரியக்கூடாது. அப்புறம் ஒரு சோதனை. ஒரு பிடியை ஈரமாக்கிப் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த நாற்றமோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் மக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த உரத்தில் பத்து முள்ளங்கி விதையும், சாதாரண மண்ணில் பத்து விதையும் போட்டுப் பாருங்கள். உரத்தில் போட்டவை முளைக்கத் திணறினால், முளைத்தும் கருகினால், அது செடிக்கு இன்னும் தயாரில்லை. சலித்துப் பெரிய துண்டுகளை அடுத்த வாளியில் போட்டுவிடலாம். நுண்ணுயிர்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இறைச்சி, மீன், பால் பொருட்கள், எண்ணெய் ஊறிய சமைத்த உணவு ஆகியவற்றை வாளியில் போடாதீர்கள். நாறும், எலி வரும். நாய், பூனைக் கழிவும் கூடாது. அவற்றில் மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணிகள் இருக்கலாம்.

மண்புழுவிடம் விடுவதென்றால்

இடம் குறைவான வீட்டுக்கு மண்புழு உரம் அருமையான வழி. இதற்கு ஐசீனியா ஃபெட்டிடா போன்ற, மேல்மட்டக் குப்பையில் வாழும் சிவப்புப் புழு தேவை. தோட்டத்தைத் தோண்டினால் கிடைக்கும் பெரிய புழுக்களில் பல ஆழத்தில் வளை போட்டு வாழ்பவை, பெட்டிக்குள் தங்காது. ஈரமான அட்டைத் துண்டுகளைப் படுக்கையாகப் போட்டு, நிழலில், 15 முதல் 25 டிகிரி வரை வைத்தால் புழு நன்றாகப் பெருகும். 35 டிகிரியைத் தாண்டினால் சாகத் தொடங்கும். உப்பு, காரம், நிறைய எலுமிச்சைத் தோல் எதுவும் ஆகாது. போட்டதைத் தின்று முடித்த பிறகே அடுத்த பிடியைப் போடுவது ஒன்றுதான் விதி.

தண்ணீராகக் கொடுப்பவை

மக்கு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்குக்கு 5 முதல் 10 பங்கு தண்ணீர் சேர்த்து, ஒரு நாள் ஊற வைத்து, இடையிடையே கலக்கி, வடிகட்டினால் உடனே பயன்படும் திரவ உரம் தயார். கரைந்த சத்துகள் நேரே வேருக்குப் போகும். அன்றே ஊற்றிவிடுங்கள். நுண்ணுயிர் பெருகட்டும் என்று சர்க்கரையோ வெல்லமோ சேர்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உரத்தில் தீங்கான கிருமி ஒன்றிரண்டு இருந்தால் அதுவும் சேர்ந்தே பெருகும் என்பதால் பச்சையாகச் சாப்பிடும் கீரை, காய்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலையில் தெளிப்பதையும் தவிர்த்து, மண்ணில் ஊற்றுங்கள்.

வாளியின் அடித்தட்டில் தானாக வடியும் கறுப்பு நீர் வேறு. அது பாதி மக்கிய கழிவின் சாறு. பத்து மடங்கு தண்ணீர் கலந்து, வெளியே இருக்கும் பூச்செடிக்கு, புதருக்கு ஊற்றலாம். சாப்பிடும் செடிக்கும் வீட்டுக்குள் வைத்த செடிக்கும் வேண்டாம்.

விதை பிடிக்காத இளம் களைகளையும் கழித்த பச்சை இலைகளையும் தண்ணீரில் அமிழ்த்தி மூடி இரண்டு மூன்று வாரம் விட்டால், சத்து தண்ணீரில் இறங்கும். நாற்றம் கடுமையாக இருக்கும், மறைக்க வழியில்லை. தோட்டம் இருப்பவர்களுக்கு மட்டும். வெளிர்ந்த டீ நிறம் வரும்வரை, ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

நன்னீர் மீன் தொட்டியில் மாற்றும் தண்ணீர் இருந்தால் அதைச் சாக்கடையில் விடாதீர்கள். மீனின் கழிவு அதில் ஏற்கெனவே நைட்ரேட்டாக மாறியிருக்கும். மீனுக்கு மருந்து போட்ட நீரையும் உப்பு நீரையும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

பலரும் நம்பும் பொருட்கள்

முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுமார் 95 சதவீதம். அது அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் கரையும், அதுவும் மெதுவாக. கையால் நொறுக்கிப் போட்ட துண்டுகள் பல மாதம் கழித்தும் அப்படியே கிடக்கும். கழுவிக் காய வைத்து மாவாக அரைத்து மக்கு வாளியில் போடுவதுதான் பயனுள்ள வழி. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓடு தூவச் சொல்வார்கள். அந்த அழுகல் காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தும் தண்ணீர் சீராகக் கிடைக்காததே பல நேரம் காரணம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்தி, மண்ணை ஒரே ஈரத்தில் வையுங்கள். புதிதாக வரும் காய்கள் நன்றாக வரும்.

வாழைப்பழத் தோலில் சாம்பல் சத்து இருக்கிறது. ஊற வைத்த தண்ணீரில் அதில் ஒரு பங்கு இறங்கும். தழைச்சத்து ஏறக்குறைய வராது. அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிச் செடி வளர்க்க முடியாது. நறுக்கி வாளியில் போட்டால் தோல் முழுவதும் பயன்படும்.

காபிச் சக்கையில் 2 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து உண்டு. மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. காபி இறக்கியபோதே அமிலத்தில் பெரும்பகுதி போய்விடும். மண் மேல் தடிமனாகப் பரப்பினால்தான் ஆபத்து. ஏடு கட்டி, தண்ணீரை உள்ளே விடாது. இளம் நாற்றுகளின் வளர்ச்சியையும் தடுக்கலாம். டீத்தூளில் பாலும் சர்க்கரையும் இருந்தால் அலசிவிட்டு வாளியில் போடுங்கள். டீப்பை என்றால் பிரித்துத் தூளை மட்டும். பையில் பிளாஸ்டிக் இழை இருக்கலாம்.

மரச் சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் நிறைய, தழைச்சத்து கிடையாது. காரத்தன்மை அதிகம் என்பதால் தோட்டத்தில் மெல்லத் தூவலாம், தொட்டிக்கு வேண்டாம். நிலக்கரிச் சாம்பலும், வண்ணம் பூசிய மரத்தை எரித்த சாம்பலும் எதற்கும் கூடாது.

மாட்டுச் சாணம், கோழி எச்சம் கிடைத்தால் பாக்கியம்தான். ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் கருகும், கிருமியும் வரும். சருகோடு சேர்த்து மக்க வைத்த பிறகே தொட்டிக்கும் பாத்திக்கும்.

எவ்வளவு, எப்போது

தோட்டப் பாத்திக்கு வருடம் ஒருமுறை ஓர் அங்குலம் மக்கு உரத்தைப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிட்டால் போதும். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது மொத்தக் கலவையில் நான்கில் ஒரு பங்கு மக்கு உரம் போதும். மண்புழு உரம் என்றால் 10 முதல் 20 சதவீதம். வெறும் மக்கு உரத்திலேயே செடி வைத்தால் உப்பு கூடும், நாளடைவில் மண் அமுங்கி வேருக்குக் காற்று போகாது. காய்க்கும் செடிகள் சத்தை வேகமாக இழுப்பவை. பூ எடுத்ததிலிருந்து மாதம் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி ஒரு பிடி போட்டு, இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம் கொடுக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு இதில் பாதிகூட வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி மெதுவாக வளரும். வளராத செடி சத்தை எடுக்காது, அது மண்ணிலேயே தேங்கும். புதுத் துளிர் வரும் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கரண்டி நன்கு சலித்த மண்புழு உரம் போட்டு மண்ணால் மூடுங்கள். வளர்ச்சி நின்றிருக்கும் காலத்தில் எதுவும் வேண்டாம். உரம் கொடுக்கும் முன் மண் லேசாக ஈரமாக இருக்கட்டும். மண்ணில் வெள்ளைப் படலம் படிந்தாலோ, இலை நுனி பழுப்பாகக் கருகினாலோ உரத்தை நிறுத்தி, துளை வழியே நீர் நன்றாக ஓடும்வரை சுத்தமான தண்ணீர் ஊற்றி அலசுங்கள். சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிகள் மண்ணிலிருந்து எழும்பிப் பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

இலை மஞ்சளாவதைக் கண்டதும் உரத்தைத் தேடி ஓடுவதற்கு முன் எந்த இலை என்று பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது. புது இலைகள் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல் சத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கும்போது சொதசொதவென்று இருந்தால் இவை எதுவுமே காரணமாக இல்லாமல் போகலாம். வேர் மூச்சுத் திணறினாலும் இலை அதே போல்தான் மஞ்சளாகும். அப்போது மண்ணைக் காயவிட்டு, வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உரத்தைப் புதுத் துளிர் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.